அடுத்த வண்டி உள்ளே வரவும்

அலுவலகத்தில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். ஒல்லியான உடம்பு, அடர்ந்த சுருட்டை முடி, எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும் சுபாவம். அந்தப் பெயரை வைத்தவன் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. பெயர் மட்டும் ராஜினாமா செய்யாமல் நின்றுவிட்டது. அவளும் அதை எதிர்த்ததில்லை. எதிர்ப்பதற்கு அதைவிடப் பெரிய விஷயங்கள் அவளுக்குத் தினமும் கிடைத்துக்கொண்டிருந்தன.

அலுவலகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்க மெத்தை தட்டுவார்கள், மேலே நாள் முழுக்க விசைப்பலகை தட்டுவார்கள். இரண்டில் எது நாட்டுக்கு அதிக உறக்கம் தந்தது என்பதை வரலாறு முடிவு செய்யட்டும். மேலே இருந்தவர்கள் தயாரித்தது, பைத்தான் மொழியில் எழுதிய ஒரு மென்பொருள். வரிசையில் காத்திருப்பவர்களுக்கு எண் கொடுத்து, முறை வந்ததும் பலகையில் காட்டி, ஒலிபெருக்கியில் அழைக்கும். மக்களைக் காக்க வைக்காமல் இருப்பதற்கு இன்னும் யாரும் மென்பொருள் கண்டுபிடிக்கவில்லை. முறையாகக் காக்க வைப்பதற்கு இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்த மென்பொருளின் பெருமையே, இடத்துக்குத் தகுந்தபடி அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். வங்கியில் ஒரு மாதிரி அழைக்கும், மருத்துவமனையில் வேறு மாதிரி அழைக்கும். யாரை முதலில் கூப்பிடுவது, எந்த அறைக்கு அனுப்புவது, என்ன வார்த்தை சொல்வது எல்லாம் ஒரே ஒரு அமைப்புக் கோப்பில் இருக்கும். வாடிக்கையாளர் அதைத் தன் விருப்பம் போலத் திருத்திக்கொள்ளலாம். அதுவரை சரி. சிக்கல் என்னவென்றால், அந்தக் கோப்பு மென்பொருளின் சொந்தக் கோப்புகளுக்கு நடுவிலேயே, அவற்றோடு அவையாக உட்கார்ந்திருந்தது. புதிய பதிப்பு வந்தால் பழைய கோப்புகள் எல்லாம் போய்விடும். வாடிக்கையாளர் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்பும் கூடவே போய்விடும். வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் குடித்தனக்காரரின் பாத்திரம் பண்டத்தையும் சேர்த்து அள்ளித் தெருவில் போட்டுவிட்டு, "சுவரைப் பாருங்க, எப்படி மின்னுது!" என்று கேட்பதைப் போல.

ஆகவே புதிய பதிப்பு வரும்போதெல்லாம் தீக்குச்சி கிளம்பிவிடுவாள். வாடிக்கையாளர் இடத்துக்குப் போய், அமைப்புக் கோப்பை எடுத்துத் தனியே வைத்து, புதியதை நிறுவி, கோப்பைத் திரும்ப அதன் இடத்தில் போட்டு, பலகை சரியாகப் பேசுகிறதா என்று கேட்டுவிட்டு வருவாள். எடுத்து வை, போட்டு வை. அவளுடைய பொறியியல் பட்டத்துக்கு உலகம் கொடுத்த வேலை அதுதான். பதினோரு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் கேட்டாள்: "அவங்க சாமானை ஏன் சார் நம்ம பெட்டிக்குள்ள வைக்கணும்? வெளியில தனியா ஒரு இடம் குடுத்தா என்ன?" பதினோரு வருஷமாக முதலாளி, "ஆகட்டும், பார்ப்போம்" என்றார். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். ஆகட்டும் பார்ப்போம் என்று சொல்லியே பல நல்ல யோசனைகளை அடக்கம் செய்தவர்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியை அவள் வேறு சிலவற்றைப் போல உயிர் போகக் கேட்டதில்லை. போகும் இடமெல்லாம் "வாங்க வாங்க, நீங்க வந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துத் தேநீர் தருவார்கள். தேவைப்படுகிற மனுஷியாக இருப்பதில் உள்ள சுகம் கோபத்தையும் கொஞ்சம் ஆறவைத்துவிடும்.

முதலாளிக்கு அவள் பேச்சு காதில் ஏறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய மச்சானுக்கு ஊர் ஓரத்தில் வண்டி கழுவும் ஷெட் இருந்தது. நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் அவர்தான். "என் மச்சான் ஷெட்ல இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட செட்டிங்ஸ் போனதில்லையே! அது எப்படி மத்த இடத்துல மட்டும் போகும்? அவங்க எதையாவது நோண்டியிருப்பாங்க" என்பார். அதுவும் உண்மைதான். மச்சான் ஷெட்டிலிருந்து ஒரு நாளும் அழைப்பு வந்ததில்லை. அவளும் அங்கே போனதில்லை.

இந்த நிலையில்தான் மாநாடு என்பவர் தலைமை வடிவமைப்பாளராக வந்து சேர்ந்தார். மாநாடுகளுக்குப் போய்வந்து, கொண்டுவந்த சொற்களை இறக்கி வைப்பது அவர் வழக்கம். அதனால் அந்தப் பெயர். வந்த வேகத்தில், மென்பொருளை மூட்டை கட்டும் முறையே கற்காலத்தது என்று கண்டுபிடித்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது, கற்காலத்ததுதான். எதை எங்கே வைப்பது என்பதற்குத் தனியாக ஒரு நிரல் எழுதி, அந்த நிரல் ஓடுவதற்கு வேறு மூன்று பொருள்களை நிறுவி, அவை ஒன்றுக்கொன்று சண்டை போட்டால் சமாதானம் பேசி என்று அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மாநாடு அதையெல்லாம் ஒழித்தார். மென்பொருளின் பெயர் என்ன, பதிப்பு என்ன, எது எது தேவை என்பதையெல்லாம் ஒரே ஒரு விவரக் கோப்பில் அறிவித்துவிட்டால் போதும். மூட்டை தானாகத் தயாராகும். அந்த உலகத்தில் அதற்கு வீல் என்று பெயர். ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும். பக்கத்து மென்பொருளோடு உரசாமல் தனி அறையில் குடியிருக்கும்.

தீக்குச்சி முதல் முறையாக ஒரு கூட்டத்தில் கைதட்டினாள். பிறகு கேட்டாள்: "சார், வாடிக்கையாளர் செட்டிங்ஸ் எங்க இருக்கு?"

"அதுவும் பைத்தான் கோப்புதானேம்மா. வீலுக்கு உள்ளேயே இருக்கு."

"உள்ளேயேவா? அப்ப புதுசு போட்டா பழசு போயிடுமே!"

"அது இரண்டாம் கட்டம்."

"ஒரு இடத்துல கூரை போட்டுட்டு, சுவர் இரண்டாம் கட்டம்ங்கிற மாதிரி இருக்கு சார்."

"உங்க எதிர்மறை ஆற்றலைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார் மாநாடு, முகத்தில் தியானக் களையோடு. முதலாளி, "ஆகட்டும், பார்ப்போம்" என்றார். தேநீர் வந்தது.

ஆனாலும் அவள் ஒரு காரியத்தைச் சாதித்தாள். இரண்டாம் கட்டம் முடியும்வரை, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை முடக்கி வைப்பதென்று எழுத்தில் வாங்கிவிட்டாள். எல்லா இடத்துக்கும் தானே போய், புதிய மூட்டையை நிறுவி, பழையபடி எடுத்து வைத்துப் போட்டு வைத்தாள். மச்சான் ஷெட்டுக்கு மட்டும் போகவில்லை. அங்கேதான் பிரச்சினையே வராதே என்று மாநாடு தன் மேஜையிலிருந்தபடியே தொலைவிலிருந்து அனுப்பிவிட்டார்.

வாடிக்கையாளர்களில் ஒன்று கண் மருத்துவமனை. அங்கே தலைமைச் செவிலி அவளுடைய நாத்தனார். பக்கத்துக் குடியிருப்பில் இருந்தாள். மாலை தேநீருக்கு வந்தால், தன் அண்ணன் வீட்டுச் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறதென்று அண்ணியைக் கேட்காமல் எடுக்கும் உரிமையுள்ளவள். எண் போட்டு அழைக்கும் முறையே வேண்டாம் என்று முரண்டு பிடித்த டாக்டரிடம் மல்லுக்கு நின்று இந்த மென்பொருளை உள்ளே கொண்டுவந்தது அவள்தான். கடவுச்சொல்லும் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

"அண்ணி, ஏதோ புது பதிப்பு வருதாமே" என்று ஒரு மாலை கேட்டாள். "டாக்டர் கேட்டார், எதாவது ஏடாகூடம் ஆகுமான்னு. அப்படி ஆனா நீதான் பொறுப்புன்னு என் தலையில கட்டிட்டார்."

"ஒரு எழுத்துகூடப் போகாது. நானே வந்து போடறேன். எனக்குத் தெரியாம அங்க ஒரு ஈ, எறும்பு நுழையாது."

"உங்க வார்த்தையை நம்பித்தான் சொல்லப்போறேன்."

"தாராளமா சொல்லு."

கண் மருத்துவமனையின் அமைப்புக் கோப்பில் முக்கியமான ஒரு விதி இருந்தது. நாத்தனார் சொல்லச் சொல்லத் தீக்குச்சி எழுதியது. கண்ணில் சொட்டு மருந்து விட்டவர்கள், அது விழியை விரிக்கும்வரை சற்று உட்கார்ந்திருக்க வேண்டும். விரிந்ததும் மற்றவர்களை நிறுத்திவிட்டு அவர்களை உடனே அழைக்க வேண்டும். நேரம் தப்பினால் மருந்தின் வேகம் இறங்கிவிடும், மறுபடி விட வேண்டும். அப்படி உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே இருக்கும் பலகை மங்கலாகத்தான் தெரியும். அவர்கள் நம்பியிருப்பது ஒலிபெருக்கியை.

மாநாடு ஒரு காலைப் பொழுதில் தானாகப் புதுப்பிக்கும் வசதியைத் திறந்துவிட்டார். அடுத்த மாநாட்டில் காட்டுவதற்கு அவருக்குப் படம் தேவைப்பட்டது: ஒரே சொடுக்கில் எல்லா இடத்திலும் புதிய பதிப்பு. சொடுக்கினார். படம் நன்றாக வந்தது.

தீக்குச்சி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நாத்தனார். குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

"உங்க பெட்டி என்ன சொல்லுதுன்னு நீங்களே கேளுங்க" என்று சொல்லி, தொலைபேசியை ஒலிபெருக்கிப் பக்கம் நீட்டினாள்.

"வண்டி எண் பதினான்கு, இரண்டாம் கழுவுமிடத்துக்கு வரவும்" என்றது இனிய பெண் குரல். "எஞ்ஜினை அணைக்கவும். குழந்தைகளையும் நாய்களையும் வண்டிக்குள் விட்டுச் செல்ல வேண்டாம்."

அவள் ஆட்டோ பிடித்துக் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ஒரு கலவரமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பலகை எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள மக்களைப் பழக்கியாகிவிட்டது. வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் கையில் பதினான்காம் எண்ணை வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நான் நடந்துதானே வந்தேன்?"

"வண்டிக்காரங்க முதல்ல போவாங்க போலிருக்கு. நம்மளை அப்புறம் கூப்பிடுவாங்க."

"அப்படியா, சரி சரி."

சுவரோரமாக ஒரு தையல்காரம்மா தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சொட்டு மருந்து விட்டவர்களை அழைக்கும் விதி போனது போனதுதான். இரண்டு தடவை மருந்து விட்டும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மூன்றாவது தடவைக்கு ஒரு இளம் செவிலி புட்டியோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, ஊத்திட்டே இருக்கீங்களே" என்றாள் தையல்காரம்மா, கண்ணைத் திறக்காமல். "என் கண்ணு என்ன கிணறா? நாளைக்கு நான் ஊசியில நூல் கோக்கணும்."

தீக்குச்சிக்குக் காது வரை சுட்டது. கோபப்பட அங்கே தோதான ஆள் யாருமில்லை. இருந்த ஒரே ஆள் நாத்தனார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கணினி பக்கத்தில் நின்றாள்.

"உட்காருங்க, மேடம்" என்றாள்.

அண்ணி போய் மேடம் ஆகிவிட்டது. கல்யாணத்தன்று வாசலில் கைப்பிடித்து உள்ளே அழைத்துவந்த நாளிலிருந்து ஒரு நாளும் அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. தீக்குச்சி திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். மரியாதை வாங்குவதற்குத் தயாராக வரவில்லை.

முன்பு புதிய மூட்டையைப் போட்ட அன்று எடுத்து வைத்த பழைய கோப்பு அவளிடம் இருந்தது. அதைப் போட்டதும் வண்டிகள் மறைந்து மனிதர்கள் திரும்ப வந்தார்கள். சொட்டு மருந்து விதியும் வந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு நாத்தனார் தன் கையால் செய்திருந்த மாற்றங்கள் எல்லாம் போயிருந்தன. சக்கர நாற்காலியில் வருகிறவர்களைக் கீழ்த்தள அறைக்கு அனுப்புவது, பிற்பகல் மட்டும் வரும் விழித்திரை டாக்டரின் அறை, காது கேளாதவர்களுக்குப் பெரிய எழுத்து. நாத்தனார் ஒவ்வொன்றாகச் சொன்னாள், இவள் ஒவ்வொன்றாக எழுதினாள். நடுவில் வேறு பேச்சே கிடையாது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாத்தனார் நின்றாள்.

"இன்னும் ஏதோ ஒண்ணு இருந்துச்சு. ஞாபகம் வரல. யாராவது வந்து அவதிப்படும்போதுதான் தெரியும், இல்லையா மேடம்?"

தீக்குச்சி அலுவலகத்துக்குத் திரும்பியபோது அவளை உரசத் தேவையே இருக்கவில்லை. மெத்தைக் கடைக்காரர், "என்னம்மா, புகை வருது?" என்று கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

மேலே கூட்டம் கூடியிருந்தது. இவள் வாயைத் திறப்பதற்குள் மாநாடு ஒரு விளக்கக் கடிதத்தை நீட்டினார். டாக்டருக்கு அனுப்ப வேண்டியது. நிறுவியவள் என்ற முறையில் இவள் கையெழுத்துப் போட வேண்டியது. "புதுப்பித்தல் நடவடிக்கை வெற்றிகரமாக நிறைவேறியது. அமைப்புகள் இழக்கப்பட்டதற்கு வாடிக்கையாளர் தரப்புக் கவனக்குறைவே காரணம் எனத் தெரியவருகிறது."

"வாடிக்கையாளர் தரப்புன்னா யாரு?"

"பொதுவான வார்த்தைம்மா அது."

"அங்க கடவுச்சொல் ஒரே ஒருத்திகிட்டதான் இருக்கு. பொதுவா ஒருத்தியா?"

"யார் பேரையும் நாம போடலையே!"

"போடாம விட்டதாலதான் சார் டாக்டருக்கு யாருன்னு உடனே தெரியும். அவளைப் பொறுப்பிலிருந்து எடுத்துடுவார். வேலையை விட்டே அனுப்பினாலும் அனுப்பிடுவார். பட்டனை அழுத்தினது நீங்க. பழி அங்க சொட்டு மருந்து விட்டுட்டிருக்கறவளுக்கா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபப்படாதே. டாக்டர் ரத்து பண்ணிட்டா பெரிய வாடிக்கையாளர் போயிடுவார். இப்ப என் மச்சான் ஷெட்டைப் பாரு. அதே பட்டன், அதே வீல். அங்க ஏன் ஒண்ணும் ஆகல? நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுடு, நானும் வந்துடறேன்."

"போட மாட்டேன்."

"ஆகட்டும், பார்ப்போம்."

வீட்டில் லிப்ட் மெக்கானிக்கான கணவர் நிலைமையைக் கேட்டார். ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் தங்கை; இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் போல அவர் உட்கார்ந்திருந்தார். தேநீருக்கு நாத்தனார் வரவில்லை. சர்க்கரை டப்பா யாரும் தொடாமல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த தீக்குச்சிக்கு, திடீரென்று மாநாட்டின் மடிக்கணினி ஞாபகம் வந்தது.

நிரல் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அதற்கென்று ஒரு எடிட்டர் இருக்கும். எழுதும் மேஜை மாதிரி. மாநாடு தன்னுடைய எடிட்டரைப் பச்சைக் குழந்தையைப் போல வளர்த்தவர். ஆழ்கடல் நிறத்தில் பின்னணி, தேன் நிறத்தில் எழுத்து, ஒரே தட்டில் வேலையை முடிக்க, அவருக்கு மட்டுமே தெரிந்த குறுக்குவிசைகள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அதைக் கண்காட்சி போலக் காட்டுவார். "பரஸ்பர நம்பிக்கைதான் நம் கலாசாரம்" என்று சொல்லி, தேநீருக்குப் போகும்போது மடிக்கணினியைப் பூட்டாமல் போவதும் அவர் கொள்கை.

மறுநாள் காலை அவர் தேநீருக்குப் போனார். தீக்குச்சி எதையும் அழிக்கவில்லை. அவள் அழிக்கிற ரகம் இல்லை. எடிட்டரின் அமைப்புகள் இருந்த ஃபோல்டரின் பெயரை மட்டும், எடிட்டர் தேடினால் கிடைக்காதபடி மாற்றினாள். இரண்டு கை விரல்களும் சேர்ந்து நடத்திய நாகரிகமான குற்றம்.

முதலாளி வந்தார். கடிதத்தில் கடைசியாக ஒரு வார்த்தை திருத்த வேண்டுமென்று மாநாடு பெரிய திரையில் இணைத்து எடிட்டரைத் திறந்தார். திரை முழுக்க ஆஸ்பத்திரிச் சுவர் போல வெள்ளை. எழுத்து எறும்பு அளவு.

"என்ன இது?" மாநாடு தட்டினார். குறுக்குவிசை எதுவும் வேலை செய்யவில்லை. "யார் இதுல கை வச்சது? கலர் எங்க? எழுத்து எங்க? வருஷக்கணக்கா பார்த்துப் பார்த்து வச்சது!"

"எடிட்டருக்குப் புது பதிப்பு வந்திருக்கும் சார்" என்றாள் தீக்குச்சி அனுதாபத்தோடு.

"புது பதிப்பு வந்தா செட்டிங்ஸ் எப்படிம்மா போகும்? புரோகிராம் ஒரு இடத்துல இருக்கும். என் செட்டிங்ஸ் என்னோட ஃபோல்டர்ல, தனியா இருக்கும். புது பதிப்பு அதைத் தொடவே கூடாது! எவன் எழுதினாலும் இதுதானே அடிப்..."

வார்த்தை பாதியில் நின்றது.

"அப்ப வாடிக்கையாளர் தரப்புக் கவனக்குறைவா இருக்கும் சார்" என்றாள் அவள்.

மாநாட்டின் தியானக் களை அன்று விடுப்பில் போயிருந்தது. முதலாளி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"ஒரு நிமிஷம். உங்களுக்குத் தனி ஃபோல்டர் இருக்கு. நம்ம வாடிக்கையாளருக்கு இல்லையா?"

"அது... இரண்டாம் கட்டத்துல..."

"இவ இத்தனை வருஷமா கூட்டத்துல கத்தறது இதைத்தானா?"

"இதையேதான் சார்" என்றாள் தீக்குச்சி.

"அப்ப என் மச்சான் ஷெட்ல மட்டும்?"

அந்தக் கேள்வியை முந்தின இரவு முழுக்க அவளும் தன்னையே கேட்டிருந்தாள். இனிய குரலில் வந்த வண்டி எண் பதினான்கு அவளுக்குப் பதில் சொல்லியிருந்தது. "வீலுக்குள்ள மாதிரிக்குன்னு ஒரு செட்டிங்ஸ் இருக்கு சார். அது முதல் வாடிக்கையாளரோடது. உங்க மச்சானோடது. புது பதிப்பு போடும்போதெல்லாம் எல்லாருடைய செட்டிங்ஸையும் அழிச்சுட்டு உங்க மச்சானோடதைப் போடறோம். உங்க மச்சான் ஷெட்லயும் உங்க மச்சானோடதையே போடறோம். அவருக்கு எப்படி சார் பிரச்சினை வரும்? ஊரே அவர் ஷெட்டா மாறிட்டிருக்கு."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கடிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ஆகட்டும்" என்றார். பார்ப்போம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

டாக்டருக்கு வேறு கடிதம் போயிற்று. தவறு எங்களுடையது, உங்கள் பணியாளர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை என்று இரண்டே வரி. தீக்குச்சியே எழுதி, மாநாட்டிடம் கையெழுத்து வாங்கினாள். எடிட்டர் ஃபோல்டருக்குத் தான் வைத்த புதுப் பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னாள். டாக்டர் பதில் போட்டார்: அடுத்த பதிப்பையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன், அதுவரை தலைமைச் செவிலியே பொறுப்பு. இன்னொரு முறை வண்டி வந்தால் மென்பொருளும் போகும், நாத்தனார் பொறுப்பும் போகும் என்பது அதன் பொருள்.

இரண்டாம் கட்டம் தொடங்கியது. அமைப்புகள் மூட்டையை விட்டு வெளியே வந்தன. கணினியில் அவற்றுக்கென்று தனி இடம். புதிய பதிப்பு எத்தனை வந்தாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. முன்பெல்லாம் அமைப்பே பைத்தான் நிரலாக இருந்ததால் ஒரு காற்புள்ளி தவறினாலும் பலகை படுத்துவிடும். இப்போது பெயரும் மதிப்புமாக, படித்தால் புரிகிற எளிய வரிகள். சொட்டு மருந்து விதி மென்பொருளுக்குள்ளேயே ஒரு வசதியாகிவிட்டது. எவ்வளவு நேரம் என்பதை மட்டும் மருத்துவமனை எழுதிக்கொண்டால் போதும். எல்லாவற்றையும்விட அவள் பிடிவாதமாக நின்று வாங்கியது ஒன்று. மூட்டைக்குள் இருந்த வண்டி கழுவும் மாதிரியை எடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் அமைப்பு கிடைக்காவிட்டால், இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மென்பொருள் நடிக்கக் கூடாது. தெரியவில்லை என்று சொல்லி நின்றுவிட வேண்டும்.

"தெரியலைன்னு சொல்ற மென்பொருளை யாரும்மா வாங்குவாங்க?" என்றார் மாநாடு.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசறதை நிறைய பேர் பார்த்தாச்சு சார்" என்றாள்.

பிறகு அவள் இடம் இடமாகப் போனாள். ஒவ்வொருவருடைய அமைப்பையும் எடுத்து, இம்முறை வெளியே, அதன் சொந்த இடத்தில் வைத்தாள். இனி எடுக்க வேண்டாம், போடவும் வேண்டாம். "அப்ப இனிமே வர மாட்டீங்களா?" என்று வங்கிக்காரர் நாற்காலியைத் துடைத்தபடியே கேட்டபோது, தன் வேலையில் பாதியைத் தானே ஒழித்துவிட்டது அவளுக்கு உறைத்தது. அதற்கும் கொஞ்சம் கோபம் வந்தது. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை.

புதிய பதிப்பு தானாகப் போகவேண்டிய காலை, கண் மருத்துவமனைக் கூடத்தில் நோயாளிகளோடு நோயாளியாக அவள் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றாள். டாக்டர் அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பலகை ஒரு கணம் இருண்டது, திரும்ப ஒளிர்ந்தது. தீக்குச்சி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எண் ஒன்பது, கண் பரிசோதனை, கீழ்த்தள அறைக்கு வரவும்" என்றது அதே இனிய குரல். சக்கர நாற்காலி ஒன்று நகர்ந்தது. அடுத்து, சொட்டு மருந்து விட்டு உட்கார்ந்திருந்த ஒருவரை, மற்றவர்களை நிறுத்திவிட்டு அழைத்தது. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

நாத்தனார் மெதுவாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்ப வரும், புது பதிப்பு?"

"வந்தாச்சு."

"வந்தாச்சா? ஒண்ணுமே மாறலையே!"

"மாறல."

"இதுக்கா இத்தனை கூத்து?"

"ஆமா, இதுக்குத்தான்!" தீக்குச்சி பற்றிக்கொண்டாள். "வண்டி வந்தா ஊரே கேக்குது. வரலைன்னா ஒரு நாயும் திரும்பிப் பார்க்கறதில்லை. ஒண்ணும் மாறாம இருக்கறதுக்கு எத்தனை பேர்கிட்ட வாயை விட்டிருக்கேன் தெரியுமா உனக்கு? ஒரு கைதட்டு? ஒரு தேநீர்?"

பக்கத்து வரிசைக்காரர் வாயில் விரல் வைத்து, "உஷ், எண் கேக்கல" என்றார்.

அப்போது தொலைபேசி அடித்தது. முதலாளி. பக்கத்து நாற்காலிவரை கேட்கக் கத்தினார், கோபத்திலா, குழப்பத்திலா என்று பிரிக்க முடியவில்லை.

"என் மச்சான் கூப்பிட்டார். ஷெட்ல போர்டு நின்னுடுச்சாம். 'உங்கள் அமைப்புகள் காணப்படவில்லை. நீங்கள் யார் என்று தெரியாமல் யாரையும் அழைக்க முடியாது'ன்னு போட்டிருக்காம். முதல் வாடிக்கையாளரையே யாருன்னு கேக்குதேன்னு மனுஷன் கொதிக்கிறார். வெளியில தெருமுனை வரைக்கும் வண்டி நிக்குதாம்!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லா இடத்துக்கும் போனாள். எல்லாருடைய அமைப்பையும் எடுத்து வெளியே வைத்தாள். தன் அமைப்பென்று ஒன்று ஒருபோதும் இல்லாமல், மூட்டைக்குள் இருந்த மாதிரியிலேயே காலம் தள்ளிய அந்த ஒரே ஒரு இடத்தை மட்டும் மறந்திருந்தாள். அங்கேதான் பிரச்சினையே வராதே.

"வரேன் சார்" என்றாள். தன்னையே திட்டிக்கொண்டு பையை எடுத்தாள்.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, வாயைக் கையால் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது ஒலிபெருக்கியின் இனிய குரல் அப்படியே அவளுக்கு வந்தது.

"போங்க அண்ணி. அடுத்த வண்டி உள்ளே வரவும்னு சொல்ல ஆள் இல்லாம வண்டியெல்லாம் அங்க நிக்குது. சாயந்திரம் நான் வரேன், சர்க்கரை இருக்கா?"